பத்திஸ்தி: மெட்டு முந்திய காலமும் வரி முந்திய காலமும்

இத்தாலியப் பாப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பாடகரும் இசையமைப்பாளருமான லூச்சோ பத்திஸ்தியைப் பெரும்பாலும் ஏதாவதொரு தொகுப்பு ஆல்பத்தில்தான் முதலில் கேட்கிறார்கள். தொகுப்புகள் அநேகமாக 1980-உடன் நின்றுவிடும். அதன்பின் அவர் போட்ட ஆறு ஆல்பங்கள் காதில் விழாமலே போகும். அவரை ஒழுங்காகப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: மெட்டு முதலில் வந்ததா, வரி முதலில் வந்ததா?

1943-இல் போஜோ புஸ்தோனே என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர், இ காம்பியோனி குழுவின் கிட்டார்காரர். 1965-இல் கிறிஸ்டின் லெரூ என்ற பதிப்பாளர் அவரைப் பாடலாசிரியர் மொகோலிடம் சேர்த்துவைத்தார். பத்திஸ்தி மெட்டுப் போடுவார், மொகோல் அதற்கு வரி எழுதுவார்.

தொடக்கத்தில் மெட்டுகள் பிறர் குரலில்தான் ஓடின. 1967-இல் எக்வீப் 84 குழு பாடிய '29 செத்தெம்ப்ரே'யில் (செப்டம்பர் 29) வானொலிச் செய்தி வாசிப்பே பாட்டின் ஓர் உறுப்பு. தேதி மாறுவதை அந்தக் குரல்தான் சொல்கிறது. அவருடைய இன்னொரு மெட்டு, ஆங்கில வரிகளோடு ஏமன் கார்னர் குழு பாடி, 1969-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு இத்தாலியின் சான்ரேமோ பாட்டுப் போட்டி விழாவில் அவரே மேடையேறினார். குரல் கரகரப்பு என்று குறை சொன்னார்கள். அந்தக் கரகரப்புதான் பாட்டுக்கு உயிர் என்பேன். பேசுகிற குரல் பாட்டாக மாறும் இடம் அது.

1971-இல் வந்த 'பென்சியேரி எ பரோலே' பாட்டை இரண்டு முறை கேளுங்கள். அதில் அவர் குரலே இரண்டாகப் பிரிந்து, இரு வேறு மெட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று ஓடும். முதல்முறை ஒரு குரலை மட்டும் தொடருங்கள், மறுமுறை மற்றதை. இரண்டையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தால் வெறும் இரைச்சலாகத்தான் படும்.

அடுத்தது 1974-இன் 'ஆனிமா லாத்தீனா' ஆல்பம். தென்னமெரிக்கப் பயணத்துக்குப் பின் செய்தது. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். குரல் வாத்தியங்களுக்கு அடியில் புதைந்திருக்கும். ஒலிப்பதிவு கெட்டுவிட்டதென்று நினைத்து ட்ரெபிளை (மேல்சுருதி ஒலியை) ஏற்றினால் தாளவாத்தியங்கள் காதைக் கிழிக்கும். புதைத்தது வேண்டுமென்றே. ஹெட்போனில், ஒலியைத் தொடாமல், நாம்தான் குரலைத் தேடிப் போக வேண்டும். அதைக் கேட்ட கையோடு, 1978-இல் லண்டனில் தயாரிப்பாளர் ஜெஃப் வெஸ்ட்லியோடு செய்த 'ஊனா தோன்னா பெர் அமீகோ' ஆல்பத்தைப் போட்டால் குரல் முன்னுக்கு வந்து நிற்பது பளிச்சென்று தெரியும்.

1980-க்குப் பின் மொகோலோடு பிரிவு. 1982-இன் 'எ ஜா' முழுக்க சிந்தசைசர். வரிகள் அவர் மனைவியுடையவை, வெலேட்சியா என்ற புனைபெயரில். பிறகு கவிஞர் பஸ்குவாலே பனெல்லாவோடு 1986, 88, 90, 92, 94 என இரண்டாண்டுக்கொன்றாக ஐந்து ஆல்பங்கள். அட்டைகள் வெள்ளை வெளேரென்றிருப்பதால் 'வெள்ளை ஆல்பங்கள்' என்றே பெயர்.

முதலாவதான 'தோன் ஜொவான்னி'யில் இன்னும் மெட்டுதான் முந்தி. 1988-இன் 'லப்பாரென்ட்ஸா'விலிருந்து முறை தலைகீழ்: பனெல்லா எழுதிக் கொடுப்பார், அதற்கு பத்திஸ்தி இசை போடுவார். வரியின் நீளமே மெட்டின் நீளத்தை முடிவு செய்வதால், திரும்பத் திரும்ப வரும் பல்லவியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மொழிபெயர்ப்பை விரித்துவைத்துக் கேட்பதும் உதவாது. பனெல்லாவின் சொல் விளையாட்டு இத்தாலிய ஒலியில் இருக்கிறது, பெயர்த்தால் உதிர்ந்துவிடும். முதல் இரண்டு முறை அசைகளைத் தாளமாக மட்டும் கேளுங்கள்.

உரிமைச் சிக்கலால் நெடுங்காலம் ஸ்ட்ரீமிங்கில் இல்லாத மொகோல் காலப் பாடல்கள் 2019-இல் வந்துசேர்ந்தன, அதுவும் '29 செத்தெம்ப்ரே' என்ற பாட்டின் பெயருக்கேற்ப செப்டம்பர் 29 அன்று. அவற்றிலிருந்து நேரே 'தோன் ஜொவான்னி'க்குத் தாவுங்கள். கடைசி ஆல்பமான 'ஹெகெல்' கடைசியிலேயே இருக்கட்டும். மற்ற நான்கும் பழகிய காதுக்குத்தான் அது வழிவிடும்.