சாய்வை இரண்டு முறை எண்ணாதீர்கள்

டிராக்டர் சிமுலேட்டர் செய்ய நினைத்து, கார் சிமுலேட்டரின் மேல் டிராக்டர் கேபினைத் தூக்கி வைத்தால், முதலில் பொய் சொல்வது ஸ்டீயரிங்தான். காரில் கையை எடுத்தால் அது தானாக நடுவுக்கு வரும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள டிராக்டரில் ஸ்டீயரிங்கையும் முன்சக்கரங்களையும் இணைப்பது எண்ணெய்க் குழாய்கள் மட்டுமே. விட்ட இடத்தில் நிற்கும். அதில் நடுவுக்கு இழுக்கும் கார் மோட்டாரைப் பொருத்தினால், இருபது ஆண்டு உழுதவர் ஓட்டினாலும் சால் கோணலாகத்தான் வரும். பதிவில் அது ஓட்டுநரின் பிழையாக நிற்கும். அந்த இழுவிசையை நீக்கி, சீரான பிசுக்குத் தடையை மட்டும் வையுங்கள்.

இது ஒரு பகல் வேலை. மாதக்கணக்கில் இழுப்பது சரிவை உணர்த்துவது.

கேபினை 2 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு இரண்டு முறை, அசைத்து 2 மீ/வி² முடுக்கம் தர 13 மில்லிமீட்டர் வீச்சு போதும். அதையே 0.2 ஹெர்ட்ஸில் தர 1.27 மீட்டர் வேண்டும். கேபினைத் தாங்கி அசைக்கும் சாதாரண ஆறு கால் பிளாட்ஃபார்ம் அவ்வளவு நகராது. அதனால் அசைவைப் பிளாட்ஃபார்மின் எல்லைக்குள் அடக்கும் வாஷ்அவுட் ஃபில்டர் மெதுவான முடுக்கத்தை வெட்டிவிடும்; பதிலுக்குக் கேபினைச் சாய்ப்பார்கள். 10 டிகிரி சாய்த்தால் புவியீர்ப்பின் ஒரு பங்கு 1.7 மீ/வி² முடுக்கம் போல உடலில் தெரியும். சாய்ப்பது ஓட்டுநருக்குத் தெரியக்கூடாது என்று அதன் வேகத்தை நொடிக்குச் சுமார் 3 டிகிரியில் கட்டுவது வழக்கம்.

தார்ச்சாலைக்கு இந்தக் கண்கட்டு வித்தை சரி. மேட்டு நிலத்திலோ ஓட்டுநர் உணர வேண்டியதே அந்தச் சாய்வைத்தான். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கேபின் சாயும் வேகம் 3 டிகிரியை எளிதில் தாண்டும். அதே வரம்பு அங்கேயும் இருந்தால் பள்ளம் மெத்தையாகிவிடும். ஆகவே கணக்கில் நிஜச் சாய்வுக்கு ஒரு தடம், வித்தைச் சாய்வுக்கு இன்னொரு தடம். வேக வரம்பு இரண்டாவதற்கு மட்டும்.

பிரித்ததும் புதுத் தவறு முளைக்கும். வாகன மாதிரி (டிராக்டரின் அசைவைக் கணக்கிடும் நிரல்) தரும் பக்கவாட்டு விசையில் சரிவின் புவியீர்ப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதைக் கழிக்காமல் வித்தைத் தடத்துக்கு அனுப்பினால், 12 டிகிரி சரிவில் சும்மா நிற்கும் டிராக்டருக்குக் கேபின் 24 டிகிரி சாயப் பார்க்கும். பிளாட்ஃபார்மின் எல்லை 20 டிகிரி என்றால் முட்டிக்கொண்டு நிற்கும். ஆக்சுவேட்டர் (பிளாட்ஃபார்மின் கால்களை நீட்டிச் சுருக்கும் கருவி) கோளாறு என்று பழுது பார்க்கப் போவார்கள். மாதிரியைச் சரிவில் நிறுத்தி, கேபின் தரையில் சாய்வுமானியை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

டயர் கணக்கைத் திரையின் 60 ஹெர்ட்ஸில் ஓட்டக்கூடாது. டயர் விறைப்பானது, கணக்கின் நேரப் படி நீளமானால் திரையில் வண்டி தரையிலிருந்து துள்ளிப் பறக்கும். 1 மில்லிவினாடிப் படி நல்லது. திரையில் தெரியும் தரையும் கணக்கிலுள்ள தரையும் ஒன்றாக இருக்க வேண்டும்: கண்ணில் படாத மேடு சீட்டில் இடித்தால் ஓட்டுநருக்குக் குமட்டல்தான்.

மாதிரியைச் சோதிக்க, டிராக்டர் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 5008 தரத்தின் 100 மீட்டர், 35 மீட்டர் மேடுபள்ளச் சோதனைப் பாதைகள் உதவும். நிஜ டிராக்டரின் சீட் முடுக்கத்தோடு ஒப்பிடும்போது மனித உடல் அதிகம் உணரும் 4–8 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டையைத் தனியாகப் பாருங்கள். மொத்தச் சராசரி ஒத்துப்போனாலும், அந்தப் பட்டை ஒத்திருக்காமல் போகலாம்.