கண்ணால் தட்டச்சு செய்ய ஒரு ஐபேட் வாங்கிய கதை

இயக்க நரம்பு நோயால் அப்பாவுக்கு முதலில் கை போனது, பிறகு பேச்சு. கண்கள் மட்டும் இன்னும் அவர் சொன்னபடி கேட்கின்றன. அகச்சிவப்பு ஒளியில் பார்வையைத் தொடரும் கருவிக்கு மருத்துவமனை வழியாக விண்ணப்பித்திருக்கிறோம். "அது வரும்வரை ஐபேட்டில் பழகட்டும். 2024இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18 இயங்குதளத்தில் முன்பக்கக் கேமராவே பார்வையைத் தொடரும்" என்றார் பேச்சுப் பயிற்சியாளர்.

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடை. எதற்காக வாங்குகிறேன் என்று விளக்கமாகவே சொன்னேன். "பதினெட்டு ஏறுகிற எல்லாவற்றிலும் அது வரும், ஆண்ட்டி" என்று விற்பனையாளர் ஒன்பதாம் தலைமுறை ஐபேட்டைக் கட்டிக் கொடுத்தார். அக்கரையில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அமைப்புகளின் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஐ டிராக்கிங் (பார்வையைத் தொடர்தல்) என்ற வரியே இல்லை. பதினெட்டு ஏறும்தான், ஆனால் சாதாரண ஐபேட்டில் இந்த வசதி பத்தாம் தலைமுறை முதல்தான்.

மறுபடியும் ஃபெரி. "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே, மாற்ற முடியாது." பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிடமா பார்ப்பது? பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளி (ரிங்கிட்) தான், வழக்கறிஞரும் தேவையில்லை என்று சற்று உரக்கவே சொன்னேன். உள்ளே போன மேலாளர் பத்தாம் தலைமுறைப் பெட்டியோடு வந்தார். விலை வித்தியாசத்தைக் கட்டினேன், முணுமுணுத்துக்கொண்டேதான். நீங்கள் வாங்கினால், கடையிலுள்ள காட்சிக் கருவியில் அந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

பொருத்துவது எளிது: திரையில் இடம் மாறும் புள்ளியைக் கண்ணால் பின்தொடர்ந்தால் போதும். தொல்லை கொடுத்தது வெளிச்சம். அப்பாவின் தலைக்குப் பின்னால் ஜன்னல். மதிய வெயிலில் முகம் கறுத்து, சுட்டி திரையெங்கும் அலைந்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். கையில் பிடித்துக் காட்டுவதும் வேண்டாம். உறுதியான தாங்கியில், முகத்திலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டரில் இருக்கட்டும். பத்தாம் தலைமுறையில் கேமரா நீளமான விளிம்பில் இருப்பதால் படுக்கைவாக்கில் வைப்பதே நல்லது. சுவாச முகமூடி போட்டிருக்கும் நேரத்தில் எங்களுக்குச் சரிப்படவில்லை. குறி தப்பினால் திரையின் இடது மேல் மூலையை உற்றுப் பார்த்தால் மீண்டும் அளவெடுத்துக்கொள்கிறது.

தட்டச்சுக்கு ஒவ்வோர் எழுத்தின் மேலும் பார்வையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அதனால் தட்டல்கள் குறைவது பெரிய விஷயம். தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும்: காற்றாடிக்கு க, ஆ, ற, ற, ஆ, ட, இ, அவ்வளவுதான். எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பையும் போட்டுவிடுங்கள், சிறிய விசைகளில் கண் வழுக்குகிறது.

அப்பா முதலில் எழுதியது: "காற்றாடியைக் குறை". அடுத்தது: "மாப்பிள்ளை டிவி சத்தம்". இத்தனை மாதங்களாக இதையெல்லாம் மனத்துக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

அகச்சிவப்புக் கருவியின் விண்ணப்பம் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. மருத்துவர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லையாம். முதல் தடவை வாங்கிக்கொண்டபோது அந்த முகப்பில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. திங்கட்கிழமை முத்திரைக்குப் போகிறேன். இந்தத் தடவை அடையாள அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.