கெட்டி மவுண்ட் போட்டால் படகு ஆடும்: பழைய அவுட்போர்டு ரப்பர் வேலை

ஜான்சன், எவின்ரூட் 18 குதிரைத்திறன் இரட்டைச் சிலிண்டர் என்ஜின்கள் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு வகை; 1957-ல் வந்தவை. 22 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 360 சிசி. தயாரித்த ஓ.எம்.சி. நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலாகிவிட்டது. ஆனாலும் ரிங், பாயின்ட், காயில், இம்பெல்லர் எல்லாம் தேடினால் இன்றும் கிடைக்கும். திண்டாட்டம் ரப்பர் மவுண்ட்டில்தான்: என்ஜினைப் படகோடு பிடித்து, அதிர்வைத் தாங்கும் துண்டு அது. வெளியே உலோக வளையம், நடுவே போல்ட் போகும் உலோகக் குழாய் (ஸ்லீவ்), இரண்டுக்கும் இடையில் ஒட்டிய ரப்பர். பழைய உலோகத்தை வைத்துக்கொண்டு ரப்பரை மட்டும் புதிதாக ஊற்றுவதுதான் இங்கே சொல்லும் வேலை. பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று வருவதை அப்படியே நம்ப முடியாது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகிக்கொண்டேதான் இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்து, தடம் விழாவிட்டாலோ, வளைக்கும்போது மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ திருப்பி அனுப்பிவிடலாம்.

மவுண்ட் போய்விட்டது என்று வரும் என்ஜின்களில் பல, மவுண்ட் போனவையே அல்ல. அடியில் புரொப்பெல்லர் இருக்கும் கியர் ஹவுசிங்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது, தண்ணீருக்குள் இறங்கும் என்ஜினின் காலுக்கும் அதைப் படகில் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால் மவுண்ட். விரலில் ஒன்றும் தெரியாமல் பிராக்கெட்டும் சேர்ந்து ஆடினால் ஸ்விவல் புஷ், அதாவது என்ஜின் இடம் வலம் திரும்பும் இடத்து புஷ், தேய்ந்திருக்கிறது. ரப்பரைத் தொட வேண்டாம். மவுண்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருப்பதும், அலுமினியத்தில் உலோகம் உரசிய பளபளப்பும் தெளிவான சாட்சி.

மேல் மவுண்ட்டும் கீழ் மவுண்ட்டும் ஒரே மாதிரி கெடுவதில்லை. முன்னோக்கி ஓடும்போது புரொப்பெல்லர் அடியில் தள்ளுகிறது. அதனால் கீழ் மவுண்ட் பிராக்கெட்டோடு நசுங்கும், மேல் மவுண்ட் பின்னால் இழுபடும். ரிவர்ஸில் இது தலைகீழ். ஆகவே கீழே ரப்பர் சப்பையாகிப்போகும், உப்புத் தண்ணீரில் ஸ்லீவ் துருப்பிடிக்கும். மேலே இழுவையோடு என்ஜின் சூடும், கசியும் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்துகொள்ள, ரப்பர் உப்பி இரும்பிலிருந்து பிரியும்.

கழற்றும்போது அவசரம் கூடாது. பவர்ஹெட் (மேலே உள்ள என்ஜின் பகுதி) எடையை ஹாய்ஸ்ட்டில் தாங்கவைத்து, போல்ட்டுக்குத் துரு இளக்கும் ஆயிலை முதல் நாள் இரவே விட்டுவிட வேண்டும். போல்ட்டும் ஸ்லீவும் துருவில் ஒட்டியிருந்தால், ஸ்பேனரைத் திருப்பும்போது ஸ்லீவும் கூடவே திரும்பி ரப்பரைக் கிழித்துவிடும். ரப்பர் எப்படியும் போகப்போவதுதான், ஸ்லீவ் மிஞ்ச வேண்டும்.

ரப்பரை வெட்டுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சில மவுண்ட்டுகளில் ஸ்லீவின் துளை நடு மையத்தில் இருக்காது. எடை ஏறியபின் மையத்துக்கு வரட்டும் என்றே தள்ளி வைத்திருப்பார்கள். பழைய மவுண்ட்டோ பல ஆண்டு நசுங்கி இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும். அதை அச்சாக வைத்தால் தொய்வையும் சேர்த்துப் பிரதி எடுத்ததாகும். இடது, வலது இரண்டையும் வெர்னியரில் அளந்து, குறைவாகத் தொய்ந்ததை வைத்துக் கணக்கிடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று வெளி வளையத்தில் பஞ்ச் அடையாளம் போடுங்கள்.

பழைய ரப்பரை எரித்து எடுப்பது சுலபமாகத் தோன்றும். நியோப்ரீன் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அலுமினிய வளையமாக இருந்தால் வளைந்தும் போகும். கத்தியால் அறுத்து, கடைசி ஒரு மி.மீ. தோலை வயர் பிரஷ்ஷில் சுரண்டி, பிறகு கிரிட் பிளாஸ்ட் செய்வதே (காற்றழுத்தத்தில் கரடுத் துகளை அடித்துச் சொரசொரப்பாக்குவதே) சரி. பெயின்ட் கடைத் தின்னரில் துடைத்தால் எண்ணெய்ப் படலம் மிஞ்சலாம், அசிட்டோன் போதும். துடைத்த இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடத்தில் ஒட்டு விடும். ரப்பர் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்த ஒட்டு சரியில்லையென்றால் மவுண்ட் நிற்காது.

இனி என்ன ஊற்றுவது? அருகில் ரப்பர் மோல்டிங் பட்டறை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் கெம்லாக் பசையில் 205 பிரைமர், அது காய்ந்தபின் 220, பிறகு அச்சில் வைத்து சுமார் 150 டிகிரியில் வேகவைப்பார்கள். இயற்கை ரப்பர் அதிர்வுக்கு அருமை, ஆனால் பெட்ரோல் பட்டால் உப்பும். நியோப்ரீன் எண்ணெயையும் வெயிலையும் ஓரளவு தாங்கும் என்பதால் மேல் மவுண்ட்டுக்கு நாங்கள் அதையே சொல்வோம். கடினம், ரப்பரை அளக்கும் ஷோர் ஏ அளவுகோலில், 50-ஐ ஒட்டி இருக்கட்டும்; எண் கூடினால் கெட்டி கூடும்.

பட்டறை இல்லையென்றால், இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் ரப்பர் போல இறுகும் இரண்டு பாக பாலியூரிதேன். இங்கே சபலம் ஒன்று வரும்: கார் புஷ்களுக்குப் போடும் 80, 90 ஷோர் யூரிதேன் தேயாது, அதையே ஊற்றிவிடலாமே என்று. என்ஜினும் ரப்பரும் சேர்ந்து தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. என்ஜினின் அதிர்வு அதைப்போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதை வடிகட்டும், கீழே இருந்தால் பெருக்கும். 4500 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 75 சுற்று, எந்த ரப்பரும் சமாளிக்கும். 700-ல் ஐடிலிங்கில் நொடிக்கு 12 சுற்றுதான். 50-லிருந்து 80-க்குப் போனால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, தானாக ஆடும் வேகம் இரு மடங்கு. அதாவது வடிகட்ட வேண்டிய மவுண்ட் ஐடிலிங்கில் என்ஜின் மாட்டிய டிரான்சத்தையே (படகின் பின் பலகையை) உலுக்கத் தொடங்கும். 50 முதல் 60 ஷோருக்கு மேல் வேண்டாம். வாங்கும்போது பாலிஈத்தர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துக் கரையும். சிலிகான் டியூப்பால் நிரப்புவது வீண், கிழிந்துவிடும்.

எவ்வளவு கலக்க வேண்டும்? வளையத்தின் அடியை அடைத்துத் தண்ணீர் ஊற்றி எடை போடுங்கள். 60 கிராம் தண்ணீர் என்றால் 60 சிசி. யூரிதேன் அடர்த்தி சுமார் 1.1 என்பதால் 66 கிராம், பாத்திரத்தில் ஒட்டுவதையும் சேர்த்து 75 கிராம் கலக்கலாம். அளந்தபின் இரும்பை 60 டிகிரியில் உலர்த்திச் சூடாகவே அச்சில் பொருத்துங்கள். யூரிதேன் கலவையில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தைச் சந்தித்தால் கரியமில வாயு வெளிவந்து உள்ளே குமிழ் விழும். ஆதலால் கடற்கரை ஊரில் மழை நாளில் இந்த வேலை வேண்டாம். முகமூடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். கலவையை ஒரே மூலையில், நூல் போன்ற தாரையாக ஊற்றினால் காற்று மேலேறித் தப்பும். ஒரு நாளில் அச்சைப் பிரிக்கலாம்; எடை ஏற்ற ஏழு நாள் பொறுங்கள்.

பொருத்துவதற்கு முன் வைஸில் வைத்து ஸ்லீவை அழுத்திப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடாக இடைவெளி திறந்தால் ஒட்டு பிடிக்கவில்லை, திரும்பச் செய்ய வேண்டியதுதான். உள்ளே நுழைக்க கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். துளைக்குள் போகும் போல்ட்டுக்கு மட்டும் துருவில் இறுகிப்போகாமல் தடுக்கும் பசை (ஆன்டி-சீஸ்) தடவுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். என்ஜின் நேராகத் தொங்கும் நிலையில், ஸ்லீவ் இரும்போடு இரும்பாகப் படியும்வரை முடுக்குங்கள். பத்து மணி நேரம் ஓடியபின் மறுபடி முடுக்கி, ரிவர்ஸில் மெதுவாகத் திராட்டில் கொடுத்துப் பாருங்கள். தட்டும் சத்தம் வந்தால் மேல் மவுண்ட்டில் இன்னும் இடைவெளி இருக்கிறது.