இன்டெக்ஸில் எந்த ஃபீல்டு முதலில்?

டேட்டாபேஸிடம் கேட்கும் கொயரி மெதுவாக ஓடுகிறதா, உடனே அதன் வேர் (WHERE) கண்டிஷனில் இருக்கிற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாக ஒரு இன்டெக்ஸ் (ரெக்கார்டுகளைச் சீக்கிரம் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியல்) போட்டுவிடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முதலில் கொயரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் (EXPLAIN) போட்டு, டேட்டாபேஸ் என்ன செய்யப் போகிறது என்று பாருங்கள்.

ஒரு வாடிக்கையாளரின் கடைசி 20 ஆர்டர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எண், அப்புறம் தேதி என்ற வரிசையில் ஒரே கூட்டு இன்டெக்ஸ் இருந்தால், அந்த வாடிக்கையாளரின் பகுதிக்கு நேராகப் போய், கடைசியிலிருந்து 20 ரெக்கார்டு எடுத்துக்கொண்டு நின்றுவிடும், தனியாக சார்ட் செய்யும் வேலையே கிடையாது. அதையே மாற்றி, தேதியை முன்னால் வைத்தால்? அந்த ஆள் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தால், நடுவில் மற்ற எல்லோரும் போட்ட ஆர்டர்களையும் தாண்டித்தான் வர வேண்டும். ஃபீல்டுகள் அதேதான், வேகம் மட்டும் எங்கேயோ போய்விடும். சமம் என்று ஒப்பிடுகிற ஃபீல்டு முன்னால், ரேஞ்சாக (இதிலிருந்து இதுவரை என்று) கேட்கிற ஃபீல்டும் ஆர்டர் பை (ORDER BY) போட்டு வரிசைப்படுத்துகிற ஃபீல்டும் பின்னால் என்று வையுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது பி-ட்ரீ, அதாவது கீகளை (தேடும் மதிப்புகளை) வரிசையாகக் கிளைகிளையாக அடுக்கி வைக்கும் அமைப்பு. 1970-ல் போயிங்கில் வேலை பார்த்த பேயரும் மெக்ரைட்டும் கொண்டுவந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு பக்கம் (ஒரே தடவையில் படிக்கும் துண்டு) வழக்கமாக 8 கேபி, அதில் நூற்றுக்கணக்கான கீகள் அடங்கும் என்பதால் கோடி ரெக்கார்டு உள்ள டேபிளில்கூட மூன்று நான்கு பக்கம் படித்தாலே தேடியது கிடைத்துவிடும். எனக்கு இன்றைக்கும் இது பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாத கொயரிகள் நிறைய உண்டு. தேதி ஃபீல்டை, வருடத்தை மட்டும் எடுத்துத் தரும் இயர் ஃபங்ஷனுக்குள் போட்டு 2024-க்குச் சமமா என்று கேட்டால், தேதியில் இருக்கிற சாதாரண இன்டெக்ஸில் நேராகத் தேட முடியாது. 2024 ஜனவரி 1 முதல், 2025 ஜனவரி 1-க்கு முன்புவரை என்று எழுதுங்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இன்னொன்று: வார்ச்சாராக (எழுத்து வகையாக) வைத்திருக்கும் போன் நம்பரைக் கோட்ஸ் இல்லாமல் எண்ணாக ஒப்பிட்டால் மொத்த டேபிளையும் படிக்க ஆரம்பித்துவிடும்.

அப்புறம், போஸ்ட்கிரெஸ்ஸில் ஃபாரின் கீ (ஒரு குழந்தை டேபிளின் ஃபீல்டைத் தாய் டேபிளின் ரெக்கார்டோடு இணைப்பது) வைத்தால் அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். இல்லாவிட்டால், தாய் டேபிளில் ஒரு ரெக்கார்டை டெலீட் செய்யும்போதெல்லாம் குழந்தை டேபிள் முழுவதையும் அலசும்.

இன்சர்ட் ஆகும் ஒவ்வொரு ரெக்கார்டும் எல்லா இன்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும், அதனால் யாரும் தொடாத இன்டெக்ஸ் வெறும் சுமை. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் தொடாத மற்ற இன்டெக்ஸ்களைத் தயங்காமல் தூக்குங்கள்.