சித்திரை வெயிலில் கற்பூரவல்லி பிரெட்

சிங்கப்பூரில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்த அண்ணன், சாமான்களோடு ஒரு பிரெட் மெஷினையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அங்கே வாரம் இரண்டு தடவை அதில் பிரெட் சுட்டவன். "தண்ணி, உப்பு, மாவு, எல்லாத்துக்கும் மேல ஈஸ்ட். பட்டனை அமுக்கிட்டுப் படுத்துரு, மூணு மணி நேரத்துல ரெடி" என்றான். பிளக்கை மட்டும் மாற்றினோம்.

பங்குனிக் கடைசியில் ஆரம்பித்தேன். முதல் மூன்று பிரெட்டும் ஒரே மாதிரிதான் வந்தன. மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாவு மேலே முட்டுகிற அளவுக்கு உப்பியிருக்கும். சுட ஆரம்பித்ததும் நடுவில் மெல்ல அமுங்கும். எடுக்கும்போது பணியாரக் குழி மாதிரி பள்ளம். வெட்டினால் மேல்பாதியில் பெரிய பெரிய ஓட்டைகள், கீழ்ப்பாதி பிசுபிசுப்பு. ஈஸ்ட் பழசாக இருக்கும் என்று நினைத்துப் புதிய பாக்கெட் வாங்கிப் போட்டேன். பள்ளம் இன்னும் பெரிதானது.

மூன்றாவது பிரெட்டை அம்மா பிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "இது புளிச்சுப்போன மாவு வாசம்டி. இந்த வெயிலுக்கு இட்லி மாவே ராத்திரிக்குள்ள பொங்கி வழியுது. நீ வெதுவெதுன்னு தண்ணி வேற ஊத்துற."

அதுதான் விஷயம். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொன்னது மெஷினோடு வந்த கையேடு. அண்ணன் அங்கே சுட்டது ஏசி போட்ட வீட்டில். மதுரை திருநகரில் எங்கள் அடுப்படியில் மத்தியானம் 36 டிகிரி காட்டுகிறது. பிரெட் மாவு 25, 26 டிகிரியில் இருந்தால்தான் நிதானமாக உப்பும். மெஷின் பிசையும்போதே மாவு சூடாகிறது; உப்பவைக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஹீட்டரும் இதமாகச் சூடேற்றுகிறது. மாவு எந்த நிலையில் இருக்கிறது என்று மெஷின் பார்ப்பதில்லை, மணியை மட்டும்தான் பார்க்கும். சுட ஆரம்பிக்கும் நேரம் வருவதற்குள் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது. காற்றைத் தாங்க மாவுக்குத் தெம்பு இல்லை.

கோடையில் அம்மா உளுந்து ஆட்டும்போது கிரைண்டரில் ஐஸ் தண்ணீர்தான் ஊற்றுவாள். நானும் அதையே செய்தேன். 350 கிராம் மைதாவுக்கு ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் 210 மில்லி. ஈஸ்டை ஒரு டீஸ்பூனிலிருந்து அரை டீஸ்பூனாகக் குறைத்தேன். உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், அதைக் குறைக்கவே கூடாது. ஈஸ்டை அடக்கி வைப்பதே உப்புதான். ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 25 கிராம் வெண்ணெய். ஆரம்பிக்கும் நேரம் விடியற்காலை நான்கு மணி. சித்திரையில் மதுரை கொஞ்சம் குளிர்ந்திருப்பது அப்போதுதான்.

நான்காவது பிரெட் மேலே வளைவாக எழும்பி நின்றது. கையால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வந்தது. அம்மாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன்.

அப்புறம்தான் மூலிகைக்கு வந்தேன். தைம், ஆரிகனோ எல்லாம் பாட்டிலில் கிடைக்கும். ஆனால் மாடியில் கற்பூரவல்லி தொட்டியை விட்டு வெளியே தொங்குகிறது. அதன் வாசத்துக்குக் காரணமான கார்வக்ரால்தான் ஆரிகனோவிலும் இருக்கிறது. ஓமத்தில் இருக்கும் தைமால்தான் தைம் இலையிலும். அப்படியிருக்க வெளியே எதற்குத் தேட வேண்டும்?

பச்சை இலையை நறுக்கி ஆரம்பத்திலேயே மாவோடு போட்டது தவறு. கற்பூரவல்லி இலை முழுக்கத் தண்ணீர். மெஷினுக்குள் மாவைப் பிசையும் துடுப்பு அதை நசுக்கியதும் மாவு பச்சையாகி, தளர்ந்து, பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது பன்னிரண்டு இலையைப் பொடியாக நறுக்கி, அந்த 25 கிராம் வெண்ணெயிலிருந்தே பாதியை எடுத்து, சின்னத் தீயில் ஈரம் வற்றும்வரை வதக்குகிறேன். கூடவே நாலு பல் கொடைக்கானல் மலைப்பூண்டு, தட்டிப் போட்டது. பூண்டைப் பச்சையாகப் போட்டால் மாவு இளகிவிடுகிறது. ஓமம் அரை டீஸ்பூன் போதும். கூடினால் கசக்கும், ஈஸ்டையும் மந்தமாக்கும். நன்றாக ஆறிய பிறகு, முந்திரி திராட்சை போடுவதற்காக மெஷின் பீப் அடிக்கும்போது இதைச் சேர்த்தால் இலை இலையாகவே நிற்கிறது.

பிசைய ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எந்த அளவைவிடவும் நான் நம்புவது இதைத்தான். மாவு ஒரே உருண்டையாக, சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, பரோட்டா மாவுப் பதத்தில் சுற்ற வேண்டும். ஒட்டினால் ஒரு ஸ்பூன் மைதா, டம் டம் என்று இடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். கடைசியாக உப்பும்போது மட்டும் திறக்கக் கூடாது.

ஒரு நாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து வந்தபோது மெஷின் எல்லாவற்றையும் மறந்து முதலில் இருந்து பிசையப் பார்த்தது. மாவை எடுத்து எட்டு உருண்டையாக்கி, கையால் தட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டோம். கறிக்குழம்புக்கு அருமையாக இருந்தது.

வெந்ததும் உடனே வெளியே எடுத்து இடியாப்பத் தட்டின்மேல் வைத்துவிடுகிறேன். உள்ளேயே விட்டால் ஆவியில் அடிப்பக்கம் நமத்துப்போகும். ஒரு மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். பூண்டும் கற்பூரவல்லியும் வெந்த வாசம் மாடிப்படி வரை வந்து, அப்பா பேப்பரை மடித்துவிட்டு இரண்டு தடவை அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். ஓரத்துத் துண்டு அவருக்குத்தான்.

திருநீற்றுப்பச்சிலையும் மேலைநாட்டுச் சமையலில் போடும் பேசில் மூலிகைதான் என்பதால், பூக்காரம்மாவிடம் சொல்லி வேரோடு ஒரு செடி வாங்கி நட்டிருக்கிறேன். இப்போதுதான் துளிர்விட ஆரம்பித்திருக்கிறது.