ரெஜிஸ்ட்ரிய மாக் பண்ணாதீங்க, நிஜமாவே ஒண்ண ஓட விடுங்க

நாங்க எழுதுறது பேக்கேஜ் இன்ஸ்டால், பப்ளிஷ் ரெண்டும் பண்ற ஒரு டூல். அந்த பேக்கேஜ் எல்லாம் இருக்கிற சர்வர்தான் ரெஜிஸ்ட்ரி, பைத்தானுக்கு பைபிஐ, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம். டீம்ல புதுசா சேர்ற பசங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணா, ரெஜிஸ்ட்ரிக்கு போற ரிக்வெஸ்ட மாக் பண்ணி, நாமளே ஒரு போலி பதில் குடுத்துட்டா முடிஞ்சிதே, எதுக்கு நிஜ சர்வரோட சேத்து ஓட்டுற இன்டெக்ரேஷன் டெஸ்ட்டுக்கு இவ்ளோ மெனக்கெடுறோம்?" சோழிங்கநல்லூர்ல ஆபீஸ் கீழ டீக்கடைல நின்னு இத எத்தனையோ தடவ பேசியாச்சு, அதான் எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

மாக் போட்டு டெஸ்ட் பண்றது நாமளே கேள்வித்தாள் எழுதி நாமளே திருத்துற மாதிரி. ரெஜிஸ்ட்ரி பத்தி நமக்கு என்ன தெரியுமோ அதத்தான் அது திருப்பிச் சொல்லும். பைபிஐல பேர்ல வர்ற ஹைஃபன், அண்டர்ஸ்கோர், புள்ளி மூணும் ஒண்ணுதான், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் கிடையாது, பெப் 503ங்கிற பைத்தான் விதி ஆவணத்துல தெளிவா இருக்கு. இது தெரியாதவங்க எழுதுற மாக்ல இது எப்படி வரும், வராது, டெஸ்ட் பச்சையா இருக்கும், யூசர்கிட்ட போய்தான் உடையும். என்பிஎம்ல ஸ்கோப் போட்ட பேர்ல (@டீம்/பேக்கேஜ் மாதிரி) இருக்கிற ஸ்லாஷும் இப்படித்தான், யூஆர்எல்ல என்கோட் ஆகி போறப்போதான் நடுவுல நின்னு ரிக்வெஸ்ட கைமாத்தி விடுற சில ப்ராக்ஸி அத சரியா அனுப்பலன்னே தெரியவரும்.

அப்போ நேரா பப்ளிக் ரெஜிஸ்ட்ரிலயே டெஸ்ட் பண்ணலாமேன்னா, வேணாம். என்பிஎம்ல ஒரு தடவ போட்ட வெர்ஷன் நம்பர, அன்பப்ளிஷ் பண்ணாலும், மறுபடி யூஸ் பண்ண முடியாது. பைபிஐலயும் ஃபைல டெலீட் பண்ணிட்டு அதே பேர்ல திரும்ப ஏத்த விடமாட்டாங்க. டெஸ்ட் பைபிஐ இருக்குதான், ஆனா அங்க டேட்டாவ அப்பப்போ அழிப்பாங்க, அத நம்பி சிஐ (கோட் மாறுறப்போ எல்லாம் தானா ஓடுற டெஸ்ட்) ஓட்ட முடியாது. ஊரே யூஸ் பண்ற சர்வர்ல நம்ம குப்பைய கொட்டுறதும் எனக்கு சுத்தமா பிடிக்கல.

அதனால நம்ம மெஷின்லயே ஓட்டுற ரெஜிஸ்ட்ரி சர்வர்தான் வழி, என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ, பைத்தானுக்கு டெவ்பி. டெஸ்ட் ஆரம்பிக்கும்போது காலி ஃபோல்டர்ல ஒண்ண எழுப்பி, ரெண்டு மூணு குட்டி பேக்கேஜ பப்ளிஷ் பண்ணி, நம்ம டூல அது மேல ஓட்டி, முடிஞ்சதும் அழிச்சிடணும். வெர்டாச்சியோவோட டிஃபால்ட் போர்ட் 4873, அதையே எல்லா டெஸ்ட்லயும் எழுதிட்டா பேரலலா ஓடும்போது ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், காலியா இருக்கிற போர்ட ஓஎஸ்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க.

இங்க நிறைய பேர் கோட்டை விடுறது ரெண்டு எடத்துல. ஒண்ணு, வெர்டாச்சியோ சும்மா விட்டா தன்கிட்ட இல்லாதத நிஜ என்பிஎம்ல போய் எடுத்துட்டு வந்துடும், கான்ஃபிக்ல அந்த ப்ராக்ஸி வரிய தூக்கிடணும், டெவ்பில இன்டெக்ஸோட பேஸஸ (இல்லாதத வேற எங்க தேடணும்ங்கிற லிஸ்ட்ட) காலியா விடணும். இன்னொண்ணு கேஷ், அதாவது டூல் முன்னாடி இறக்கினத சேத்து வெக்கிற எடம். முன்னாடி ஓட்டினப்போ லேப்டாப்ல தங்கின டார்பாலயே (பேக்கேஜ சுருக்கி வெச்ச ஃபைல்) எடுத்துக்கிட்டு டெஸ்ட் பாஸ் ஆகும், ரெஜிஸ்ட்ரி பக்கமே போயிருக்காது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனி கேஷ் ஃபோல்டர், தனி ஹோம் டைரக்டரி குடுங்க, இத மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீங்க.

எல்லாம் நல்லா போற கேஸ் ஈஸி. 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு 11 வரி பேக்கேஜ அத எழுதினவர் எடுத்ததும் உலகம் பூரா பில்டு உடைஞ்சுதே, அந்த மாதிரி நேரத்துல நம்ம டூல் யூசர்கிட்ட என்ன சொல்லும்? எந்தெந்த வெர்ஷன் வேணும்னு எழுதி வெச்சிருக்கிற லாக்ஃபைல்ல இருக்கிற வெர்ஷன் ரெஜிஸ்ட்ரில இல்லன்னா எந்த பேக்கேஜ், யார் அத கேட்டாங்கன்னு சொல்லணும், வெறும் 404 (கிடைக்கல)ன்னு கொட்டிட்டு நிக்கக்கூடாது. வெர்டாச்சியோக்கு முன்னாடி ஒரு சின்ன ப்ராக்ஸி வெச்சீங்கன்னா 429 (ரிக்வெஸ்ட் அதிகம், பொறு) அனுப்பலாம், ரிட்ரை ஆஃப்டர் ஹெட்டர்ல சொன்ன நேரம் நம்ம டூல் பொறுக்குதான்னு பாக்கலாம், டார்பால பாதியில அறுத்து விடலாம்.

அறுத்து விட்டதும் எரர் வருதான்னு பாத்துட்டு அதோட நிறுத்திடாதீங்க. ப்ராக்ஸிய சரி பண்ணிட்டு, கேஷ அழிக்காம, அதே கமாண்ட மறுபடி ஓட்டுங்க. பாதி ஃபைல் கேஷ்ல உக்காந்துட்டு இருந்தா ரெண்டாவது தடவயும் ஃபைல் சேதமாகாம இருக்கான்னு பாக்கிற இன்டெக்ரிட்டி செக்ல அடிவாங்கும், யூசர் எத்தன தடவ ஓட்டினாலும் அதே எரர்தான் வரும்.