இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல்

நேப்பியர் பாலம் ஏறி இறங்கியதுமே பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் இடது பக்கம் சாய்ந்துவிடுவார்கள். காமராஜர் சாலையில் தெற்கே போகும்போது கடல் அந்தப் பக்கம்தான். அவர்களை வலது பக்கமும் பார்க்க வைப்பது என் வேலை. மெரினாவை ஒட்டிச் சுற்றிக் காட்டும் ஒரு பழைய லேலண்ட் பஸ்ஸில் கைடாக இருக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, பானெட்டுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும். நான் நிற்பது அதற்கு அருகில். டிரைவர் அண்ணன் பல்லவன் போக்குவரத்துக் கழகக் காலத்து ஆள். கிளட்ச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்து, மறுபடி மிதித்து ராடைத் தள்ளுவார். நடுவில் அந்த ஒரு நொடி இன்ஜின் அடங்கும். பெயரையும் வருஷத்தையும் அந்த இடைவெளியில் சொல்லிவிடுவேன்: "செனட் ஹவுஸ், சிஷோம் கட்டியது, 1879-ல் முடிந்தது." "சேப்பாக்கம் அரண்மனை, ஆற்காடு நவாப், 1768." மைக் இருந்தும் அவ்வளவுதான் காதில் விழும். நீளமாகச் சொல்ல வேண்டியதை வண்டி நிற்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்வேன்.

ஐஸ் ஹவுஸ் அப்படி ஒரு இடம். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். 1897-ல் அவர் தங்கிய இடம் என்று பலருக்கும் தெரியும். ஆனால் 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கத்தான் அதைக் கட்டினார்கள். அப்போது இங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டி மசூலா படகில் கரைக்கு வர வேண்டும். உருகுகிற சரக்கை வைக்கிற கட்டிடம் கடலுக்குப் பக்கத்தில்தானே இருக்கும்? "அப்படின்னா கடல் ஏன் இவ்வளவு தூரம் போயிடுச்சு?" என்று பஸ்ஸில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்காகவே அங்கே நிறுத்தச் சொல்கிறேன்.

நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. கரை அகன்றது. 1881-ல் கவர்னராக வந்த கிராண்ட் டஃப் அதன் ஓரமாக நடைபாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். உழைப்பாளர் சிலையும், 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த கண்ணகியும் வள்ளுவரும், தலைவர்களின் நினைவிடங்களும் அதற்குப் பிறகு வந்தவை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே வந்து உட்காருகிற அந்த மணல் அப்படிச் சேர்ந்ததுதான். சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. கடல் ராயபுரம், காசிமேடு பக்கம் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அதனால்தான் அங்கே கரை முழுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"ஜாலியா வர்றவங்க கிட்ட எதுக்கு மேடம் மண்ணரிப்புக் கதை?" என்பார் எங்கள் மேனேஜர். எனக்கு இதில் சம்மதமே இல்லை. ஒரு ஊரின் அழகைக் காட்டி வயிறு பிழைக்கிறவள், அந்த அழகு யாருடைய கரையிலிருந்து வந்தது என்பதை மறைக்கக்கூடாது.

ஒருநாள் பேரப்பிள்ளைகளோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். நான் காசிமேடு என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "நான் அங்கதாம்மா பொறந்தேன். எங்கப்பா கட்டுமரத்த இழுத்துப் போட்ட எடம் இப்போ தண்ணிக்குள்ள கீது." மைக்கை அவரிடம் கொடுத்தேன். எந்தத் தெரு எதுவரை இருந்தது, வலை எங்கே காயும், கடல் உள்ளே வந்த ராத்திரி யார் வீட்டுச் சாமானை எங்கே தூக்கி வைத்தார்கள் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். பேத்தி அவர் சட்டையைப் பிடித்தபடி, "இத ஏன் தாத்தா எங்ககிட்ட சொல்லவேயில்ல?" என்றாள். மற்றவர்கள் கடலை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு சாந்தோம் பேராலயம், பெசன்ட் நகரில் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் எல்லாம் காட்டினேன். ஆனால் பஸ்ஸுக்குள் பேச்சு வடக்கிலேயே நின்றது.

பயணத்தை ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட இடம்; அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து காசிமேட்டுக் கல் கரையைப் பார்த்துவிட்டு மெரினாவுக்கு வந்தால், நான் பாதி பேசினால் போதும். கன்டெய்னர் லாரி நெரிசலில் பழைய வண்டி சிக்கிக்கொள்ளும் என்கிறது ஆபீஸ். டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "வெடியக்காலைல எடுத்தா போலாம்மா. திருப்பத்துல கைதான் கொஞ்சம் வலிக்கும், பரவால்ல" என்றார். அவர் சொன்னதையும் சேர்த்தே ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.